நுரைப்பானையும் நின்று தூங்கிய குதிரையும்

அந்தக் காலத்தில், மிருகங்களும் மனிதரும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தபோது, குதிரைகளும் நம்மைப்போலப் படுத்துத்தான் தூங்கின. வைக்கோலில் காலை நீட்டிச் சாய்ந்தால், வெயில் முகத்தில் அடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை. அந்தச் சுகம் ஒரு பானை நுரையால் போயிற்று.

இங்கிலாந்தில் பார்லிஃபோர்டு என்று ஓர் ஊர். அங்கே கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு ருசி அடிக்கும். துணி துவைக்க உதவாது, பருப்பு வேகாது. ஆனால் பீர் காய்ச்சினால் அப்படித் தெளிந்து வரும்! அதனால் வீட்டுக்கு வீடு அதுதான் தொழில். பீர் பொங்குவதற்குப் பழைய பீரின் மேல் மிதக்கும் நுரையில் ஒரு கரண்டி எடுத்துப் புதியதில் விடவேண்டும். நாம் பாலுக்கு உறை ஊற்றுவதுபோலத்தான். பல நாள் புதுப் பீரில் விடாமல் வைத்தால் அந்த நுரை செத்துப்போகும்.

அந்த ஊரில் யாரும் நுரையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. இன்று காய்ச்சியவள், நாளை காய்ச்சப்போகிறவளிடம் கொடுத்துவிடுவாள். மிச்சம் பிடித்து வைப்பவளைக் கஞ்சப் பிசினாறி என்று ஊரே ஏசும்.

ஒரு குளிர்காலத்தில் சளியும் இருமலும் ஊரையே படுக்கையில் தள்ளின. பல நாள் யாரும் அடுப்பு மூட்டவில்லை. உடம்பு தேறியதும் மார்ஜரி என்பவள் நுரை கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"எங்கிட்ட இல்லையேக்கா. எதிர்வீட்டுல இருக்கும்."

எதிர்வீட்டுக்காரி கோடிவீட்டைக் காட்டினாள். கோடிவீட்டுக்காரியோ, "உங்க வீட்டுலதான் இருக்குன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!" என்றாள். அடுத்தவளிடம் இருக்கும் என்று ஆளாளுக்கு நம்பியதில், ஊரில் ஒரு சொட்டு நுரைகூட உயிரோடு இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மடத்துத் துறவிகளிடம் நுரை இருந்தது. அதைக் கொண்டுவராவிட்டால் ஊரே தொழிலை விட்டுவிட்டுப் பிழைப்புத் தேடிப் போகவேண்டியதுதான். யாரை அனுப்புவது? வாட் என்ற வண்டிக்காரனையும் அவனுடைய சாம்பல்நிறக் குதிரை கிரிஸலையும்தான். வேலை செய்கிறவர் தலையில்தானே இன்னொரு வேலையும் வந்து விழும்!

கிரிஸல் அப்போதுதான் பார்லி மூட்டைகளை இழுத்து முடித்து வைக்கோலில் சாய்ந்திருந்தது.

"இந்த ஊர்ல வேற குதிரையே இல்லையா?" என்றது.

"உன் பக்கத்துல படுத்திருக்கிற டாபின் கெழவனால மலை ஏற முடியாது. மத்ததுங்களுக்கு மலைப்பாதை தெரியாது. நீ போயிட்டு வந்துடு தாயி," என்றாள் மார்ஜரி. "வந்ததும் நீயா எழுந்திரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் உன்னைத் தொட மாட்டோம்."

அந்த ஒரு வார்த்தைக்காகக் கிரிஸல் எழுந்தது.

பனியில் வண்டி போகாது. முதுகில் வாட்டைச் சுமந்துகொண்டே மலையேறி இறங்கியது. மடத்தில் ஒரு துறவி பானை நிறைய நுரையைக் கொடுத்தார். "கவிழ்த்துடாதீங்கப்பா. குளிரவும் விட்டுடாதீங்க. ஒரு உடம்புச் சூட்டோட ஒட்டியே இருக்கணும்," என்றார்.

திரும்பும் வழியில் மலை உச்சியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. பாழடைந்த ஓர் ஆட்டுக் கொட்டகையில் இருவரும் ஒதுங்கினார்கள். கிரிஸல் சுவரோரமாகச் சாய்ந்தது.

"நீ கொஞ்சம் படு," என்றான் வாட். "பானையை நான் மடியில வெச்சுப் பாத்துக்கறேன்."

கிரிஸல் நம்பிப் படுத்தது. கண் சொருகிய கொஞ்ச நேரத்தில் காதோரம் ஏதோ ஈரமாகப் பட்டது. பார்த்தால், வாட் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பானை சாய்ந்து, பாதி நுரை தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

கிரிஸலுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. மூக்கால் பானையை நிமிர்த்திவிட்டு, "வாட், எழுந்திரு. இதை என் முதுகுல வெச்சுக் கட்டு," என்றது.

"அப்போ நீ எப்படிப் படுப்பே?"

"நான் படுத்தா இதை யாரு பாத்துக்குவா?"

வாட் பானையை அதன் முதுகில் வைத்துக் கட்டினான். கட்டியவன், கிரிஸலின் வயிற்றோடு சாய்ந்து மறுபடியும் தூங்கிப்போனான். புயல் ஓயவில்லை. கிரிஸலைத் தூக்கம் போட்டு அமுக்கியது. முழங்கால் மடங்கப் பார்த்தது. கடைசியில், கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதுபோல முழங்கால்களை இறுக்கிப் பூட்டிக்கொண்டு, நின்றபடியே கண்ணை மூடியது. பானை அசையவில்லை.

ஊர் திரும்பியதும் அடுப்புகள் எரிந்தன. பீர் பொங்கியது. மார்ஜரி முதல் வாளி பீரைக் கிரிஸலுக்குத்தான் வைத்தாள்.

"எங்க கிரிஸல் நின்னுக்கிட்டே தூங்குவா தெரியுமா!" என்று வாட் பெருமையடித்துக்கொண்டான்.

"அப்படியா! படுக்கவே வேணாமா? நல்லதாப் போச்சு. நாளைக்குப் பீப்பாய் ஏத்தணும்," என்றாள் மார்ஜரி. அவள் கெட்டவள் இல்லை. கொடுத்த வார்த்தை மறந்துபோயிற்று, அவ்வளவுதான். இதைக் கேட்ட மற்ற குதிரைக்காரர்களும், "உனக்கு மட்டும் எதுக்குப் படுக்கை?" என்று தங்கள் குதிரைகளைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

லாயத்தில் கிரிஸல் வைக்கோலில் மண்டியிட்டது. கண்ணை மூடியதும் பானை சாய்வதுபோல இருந்தது. திடுக்கிட்டு எழுந்தது. மறுபடி படுத்தது, மறுபடி எழுந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

பக்கத்தில் படுத்திருந்த கிழட்டு டாபின், "என்னம்மா?" என்றது.

"படுத்தா ஏதோ கவிழ்ந்துடும்போல இருக்கு."

"பானையைத்தான் எறக்கியாச்சே."

"தெரியுது. இந்த முதுகுக்குத் தெரியலையே."

டாபின் மூட்டெல்லாம் நெட்டிமுறிய மெதுவாக எழுந்து, கிரிஸலின் தலைமாட்டில் வந்து நின்றது. "நீ படு. நான் நிக்கிறேன்."

"நீயும் தூங்கிட்டா?"

"தூக்கம் வந்தா உன்னை எழுப்பறேன். அப்புறம் நீ நில்லு."

கிரிஸல் படுத்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. டாபின் நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தது. அப்போதும் நின்றுகொண்டிருந்தது. அதன்பிறகே கிரிஸல் நான்கு கால்களையும் நீட்டியது.

அன்று முதல்தான் குதிரைகள் நின்றபடியே தூங்குகின்றன. கொஞ்சம் படுக்க வேண்டுமென்றால், பக்கத்தில் இன்னொரு குதிரை விழித்து நிற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கின்றன. மனிதர் யாராவது, "நீ படு, நான் பாத்துக்கறேன்," என்று சொன்னால், தலையை ஆட்டிவிட்டு நின்றுகொண்டே இருக்கின்றன.