ஊஞ்சல் தோட்டத்து விசாரணை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குப் பொழுது போகவில்லை என்றால் குடிகளுக்குத் தூக்கம் போய்விடும். அப்படி ஒரு ராஜா ஊஞ்சல் தோட்டம் ஒன்று போட்டார். போட்டதோடு விட்டாரா? பெரிதாக்க ஆசைப்பட்டார். அதற்குப் பக்கத்திலிருந்த செக்கடித் தெருவை இடிக்க வேண்டும்.

"குடிகளின் விருப்பத்தை விசாரித்து வாரும்" என்று மந்திரி கச்சிராயரை அனுப்பினார்.

கச்சிராயர் தோட்டத்துக்குள் போய், ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தவர்களையே கேட்டார். வேண்டாம் என்பார்களா? காலையில் பதில் சொன்னவனே மாலையிலும் வந்தான். அவனை இரண்டு பேராகச் சேர்த்துக்கொண்டார் அந்தப் புத்திசாலி.

"மகாராஜா! அனைவரும் தினமும் வருகிறார்களாம். ஊஞ்சல் போதவில்லையாம்!"

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இன்று முதல் செக்கடித் தெருவும் நமது தோட்டமே! முரசறையுங்கள். நாளை இடிக்கலாம்."

விகடகவி மூக்கையனுக்கு மனசு பொறுக்கவில்லை. "மகாராஜா, தோட்டத்துக்கு வராதவர்களை யாருமே கேட்கவில்லையே?"

அவன்மேல் வெகுநாள் பொறாமை கொண்ட கச்சிராயர் சீறினார். "தோட்டத்துக்குள் இருப்பவர் பேச்சே செல்லும். தோட்டத்துக்குள் நின்றபடி 'இங்கே வந்ததே இல்லை' என்று சொல்லும் ஒருவரைக் காட்டும், பார்ப்போம்!"

"காட்டினால் தெரு தப்பும். தவறினால் நீர் நாட்டை விட்டுப் போக வேண்டும்" என்றார் ராஜா.

"உத்தரவு" என்ற மூக்கையன், ராஜாவையும் மந்திரியையும் நேரே செக்கடித் தெருவுக்கு அழைத்துப்போனான். அங்கே மாரக்காள் என்பவள் செக்கு மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஊஞ்சல் தோட்டத்துக்கு வந்திருக்கிறாயா?"

"எங்க சாமி வர்றது? மாட்டோட சுத்தவே பொழுது சரியாப் போவுது. அந்தப் பக்கம் காலெடுத்து வச்சதே இல்ல. நாளைக்கு வீட்ட இடிச்சா புள்ளைங்களோட எங்க போவேன்?" புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கச்சிராயர் குதித்தார். "இது தெரு! தோட்டமன்று!"

"மெல்லப் பேசுங்கள், மந்திரியாரே. இன்று முதல் இது தோட்டம் என்று முரசறைந்தது பொய்யா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தோட்டமென்றால் மூக்கையன் ஜெயித்தான். தெருவென்றால் என் உத்தரவே பொய். இனி எப்படி இடிப்பது? தெரு பிழைத்தது, போங்கள்!" முத்துமாலையைக் கழற்றி மூக்கையன் கழுத்தில் போட்டார்.

பிறகு மந்திரியிடம் திரும்பினார். "மற்றவர்களையும் விசாரித்து வாரும். அவர்களுக்கு நின்று பேச நேரமில்லை. கூடவே சுற்றும்."

அன்று பொழுது சாயும் வரை, தெருவிலுள்ள ஒவ்வொரு செக்கிலும் மாட்டுக்குப் பின்னால் மந்திரியும் சுற்றினார்.