வலது இடுப்பில் உறை

"என் வீரனைத் திருடிவிட்டான்" என்றார் மாசிலாமணி.

பூங்காவனத்தம்மா தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யார்?"

"கோதண்டம்."

பேரைச் சொல்லிவிட்டு மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார், வேப்பங்காயைக் கடித்தவர் மாதிரி.

மலையடிவாரத்தில் சித்திரக்காரர்கள் கூடுகிற கூடம் அது. மாயக்கோட்டைக் கதைகளுக்கும் ஏழு கடல் தாண்டும் கதைகளுக்கும் வீரர்களை வரைந்து கொடுப்பது அவர்கள் பிழைப்பு. பூங்காவனத்தம்மா அங்கே குரு. மாசிலாமணியைவிட வயதில் நன்றாக இளையவர். ஆரம்பத்தில் அதுவே மாசிலாமணிக்கு ஒரு குறையாக இருந்தது. பிறகு வேறு குறைகள் வந்து சேர்ந்ததில் அது பின்னால் போய்விட்டது.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரிடமிருந்து எதை எடுத்து வரைந்தாலும், படத்தின் கீழ் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். யாராவது கேட்டால், இது இன்னாருடையது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சிலர் படங்களில் அம்மை வார்த்த மாதிரி புள்ளிகள் இருக்கும். அவர்களும் நிமிர்ந்துதான் நடந்தார்கள்.

மாசிலாமணியின் படங்களில் புள்ளியே கிடையாது. வாலிபத்தில் தொடங்கி, தலை நரைத்த இந்த நாள்வரை ஒன்றுகூடக் கிடையாது. கேட்காதவர்களிடமும் அவர் அதைச் சொல்லியிருக்கிறார்.

வந்த விஷயத்தை அவர் நேராகவே சொன்னார். வருகிற பௌர்ணமிக்கு எல்லாரும் படம் மாட்டுவார்கள். அப்போது அத்தனை பேர் முன்னாலும் கோதண்டம் புள்ளி வைக்க வேண்டும். இல்லையென்றால் கூடத்தைவிட்டு அவன் போக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தானே போய்விடுவதாகச் சொன்னார்.

"போய் என்ன செய்வீர்கள் ஐயா?"

"இனிமேல் வரைய மாட்டேன்."

"இப்போது வரைகிறீர்களா?"

மாசிலாமணி மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சித்திரையில் கூடத்தில் கோதண்டத்தின் படத்தைப் பார்த்ததிலிருந்து அவர் ஒரு கோடு போடவில்லை. ஒரு புத்தகத்தின் அட்டைப்படம் பாக்கி நின்றது. புத்தகக்காரர் வந்து கேட்டுவிட்டுப் போனார். மறுபடி வந்தார். கடைசியாக வந்தபோது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று பணிவாகவே கேட்டார். அந்தப் பணிவுதான் சுட்டது. தாளை விரித்து உட்கார்ந்தால் அந்தப் படம் கண் முன்னால் வந்து நிற்கும். கை அப்படியே சுருங்கிவிடும். வஞ்சம் வைத்துக்கொள்வது லேசான வேலை இல்லை. மாட்டுக்குப் போடுவதுபோல் அதற்கும் தினமும் தீனி போட வேண்டும். இரண்டு வேலையை ஒரு கை பார்க்காது.

"அடையாளம் இருக்கிறதா?" என்று கேட்டார் குரு.

மாசிலாமணி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். கக்கத்திலிருந்த சுருளை எடுத்துத் தரையில் விரித்தார்.

எரிவாள் வீரன். அவர் பேர் வாங்கியதே அவனால்தான். சிங்கமுகக் கச்சை. மீன் செதில் மாதிரிக் கவசம். ஒரு கால் ஊன்றியிருக்க, மற்ற காலின் குதிகால் மட்டும் தரையில் படாமல் தூக்கியிருக்கும், இதோ பாயப் போகிறான் என்பதுபோல. அந்தக் குதிகாலைப் பார்த்து வியக்காதவர்கள் இல்லை.

"குதிகாலை விடுங்கள். அது எவனுக்கும் தோன்றலாம் என்பான். இதைப் பாருங்கள்."

வீரனின் வலது கையில் வாள். வாளுறையும் அதே வலது இடுப்பில் தொங்கியது.

"இது தப்பு அம்மா. இந்தப் பக்கம் உறை இருந்தால் இந்தக் கையால் வாளை உருவ முடியாது. புத்தகமாக வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் வரைந்த எல்லாப் படத்திலும் அப்படியே வைத்துவிட்டேன். கோதண்டம் படத்திலும் உறை வலது இடுப்பில்தான் இருக்கிறது. நல்லதை மட்டும் எடுத்திருந்தால் தப்பித்திருப்பான். என் தப்பையும் சேர்த்து எடுத்திருக்கிறான்."

குரு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். படத்துக்கு நின்று காட்டுகிறவர்களுக்காகக் கூடத்தில் ஒரு மரவாளும் உறையும் உண்டு. அதைக் கொண்டுவந்து மாசிலாமணியின் வலது இடுப்பில் கட்டினார்.

"உருவுங்கள்."

மாசிலாமணி வலது கையால் பிடியைப் பற்றி இழுத்தார். முழங்கை காதுக்கு மேலே போனது. வாள் பாதி வந்து நின்றுகொண்டது. உடம்பைக் கோணினார். வேட்டி அவிழப் பார்த்தது. வாள் அசையவில்லை.

"பார்த்தீர்களா?" என்றார், ஏதோ சாதித்தவர்போல.

குரு உள்ளே போனார். பௌர்ணமிக்காக வந்திருந்த கோதண்டத்தின் படத்தை எடுத்துவந்து பக்கத்தில் விரித்தார். அதே நிலை. அதே குதிகால்.

"இதில் தப்பைக் காட்டுங்கள்."

மாசிலாமணி உறையின்மேல் விரலை வைத்தார்.

குரு அவர் அருகே வந்தார். மரவாளின் பிடியிலிருந்து அவருடைய வலது கையை எடுத்துவிட்டு, இடது கையை வைத்தார்.

"உருவுங்கள்."

வாள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

மாசிலாமணி கையைப் பார்த்தார். பிறகு கோதண்டத்தின் படத்தைப் பார்த்தார்.

அந்த வீரன் வாளை இடது கையில் பிடித்திருந்தான்.

எத்தனையோ தடவை பார்த்த படம். தூக்கம் வராமல் மனசுக்குள்ளும் பார்த்த படம். தன்னுடையது எது என்று மட்டுமே பார்த்திருந்தார். அந்தக் கையைப் பார்த்ததில்லை.

"கோதண்டம் எந்தக் கையால் வரைவார்?" என்று கேட்டார் குரு.

அது ஊருக்கே தெரிந்த விஷயம். சின்ன வயதில் அம்மாவிடம் அடி வாங்கிச் சாப்பாட்டை மட்டும் வலது கைக்கு மாற்றிக்கொண்டவன் அவன். மற்றதெல்லாம் இடது கைதான்.

"உங்கள் வீரனுக்கு உறை எப்படி அந்தப் பக்கம் போனது ஐயா?"

மாசிலாமணி இடுப்பில் உறையோடு அப்படியே உட்கார்ந்தார்.

ஆற்று மணல். உச்சி வெயில். இரண்டு பேருக்கும் மீசை சரியாக முளைக்கவில்லை. வாளுக்குப் பதிலாக ஒரு பழைய குடை. பனைமட்டையை உறை மாதிரி வலது இடுப்பில் கட்டிக்கொண்டு கோதண்டம் நின்றான். குடையை இடது கையில் ஓங்கியிருந்தான். மணல் சுட்டது. ஒரு குதிகாலைத் தூக்கியே வைத்திருந்தான்.

"எவ்வளவு நேரம்டா நிக்கணும்?"

"கொஞ்சம்டா" என்றார் மாசிலாமணி, வரைகிற தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தக் கொஞ்சம் பொழுது சாயும்வரை போனது.

பிறகு புத்தகக்காரர், வாள் வலது கையில் இருந்தால்தான் வீரம் என்று சொல்லிவிட்டார். மாசிலாமணி வேறொருவர் வரைந்த ஒரு மல்லனின் வலது கையைப் பார்த்து வரைந்து ஒட்டவைத்தார். இடது கையைக் கேடயத்துக்குப் பின்னால் மறைத்தார். இடுப்பு உறையை மாற்ற மறந்தார். போகப்போக, நின்றவனையும் மறந்துபோனார்.

குரு சிவப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினார். தூரிகையை மேலே வைத்தார்.

மாசிலாமணி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் படத்தை இழுத்து, கீழ் மூலையில் ஒரு புள்ளி வைத்தார்.

தூரிகையைக் கீழே வைக்கப் போனவர், வைக்கவில்லை. படத்தில் வீரனின் வலது கையைப் பார்த்தார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். இன்னொரு புள்ளி. சிங்கமுகக் கச்சை. அதுவும் தெரியும். செதில் கவசம். கடல் கடந்து வந்த ஒரு படப்புத்தகத்தில், பேர் வாசிக்கத் தெரியாத ஒருவன் வரைந்தது. அவனுக்கும் ஒன்று.

"மூலை போதாது அம்மா" என்றார்.

"படம் பெரிதுதானே" என்றார் குரு.

கோதண்டம் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சித்திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன் எதிரே வந்து நிற்பதைப் பார்த்தார். ஒரு கையில் தாள் சுருள். மறு கையில் குடை.

மாசிலாமணிக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. குடையை நீட்டினார்.

"நில்லுடா. ஒரு அட்டைப்படம் பாக்கி இருக்கு."

கோதண்டம் குடையையே பார்த்தார். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். இடது கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். எழுந்திருக்கப் பார்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"ஏன்டா, உட்கார்ந்திருக்கிற வீரனே உன்கிட்ட கிடையாதா?"