மூச்சு விடாத ஒயின்

புதுச்சேரியில் சவரிராயன், அந்துவான், லூர்து என்று அண்ணன் தம்பிகள் மூவர் இருந்தார்கள். எதையும் மூன்று பேரும் சேர்ந்துதான் யோசிப்பார்கள், வினையே அதுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பெரியப்பா காலமானபோது, ஒழுகுகிற வீடு ஒன்றையும் எண்பது வருஷத்து ஒயின் பாட்டில்கள் மூன்றையும் அவர்களுக்கு விட்டுப்போனார்.

மழைக்காலம் வருவதற்குள் பாட்டில்களை விற்றுக் கூரையைச் சரிசெய்துவிட வேண்டும் என்று மூத்தவன் சவரிராயனுக்கு ஒரே கவலை. ஓட்டல்காரர் கஜபதியைக் கூட்டிவந்து காட்டினான். பழசு என்பதற்காக எல்லாமே தேறிவிடாது, குடிக்கிற பதத்தில் இருந்தால் மூன்றையும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார் அவர். சாயங்காலம் வருவதாகவும், அதுவரை பாட்டில்களை இருட்டில் அசைக்காமல் படுக்கவைக்கும்படியும் சொன்னார். படியிறங்கும்போது திரும்பி, "நான் வர்றதுக்கு முன்னால ஒண்ணை மட்டும் திறந்து வைங்க. கொஞ்ச நேரம் காத்து பட்டு மூச்சு விடட்டும்" என்றார்.

வீட்டில் இருந்தது ஒரே கட்டில். பாட்டில்களை அதில் கிடத்தி, ஆளுக்கொரு தலையணை கொடுத்துப் போர்த்திவிட்டார்கள். ஜன்னலைச் சாத்தியதும் லூர்து கட்டில் காலில் இடித்துக்கொண்டான். விளக்கைப் போட்டால் இருட்டு போய்விடுமே என்று வெகுநேரம் விவாதம் நடந்தது. கடைசியில் சவரிராயன்தான் வழி கண்டுபிடித்தான். விளக்கைப் போட்டுவிட்டு மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

நாலு மணிக்கு ஒரு பாட்டிலைக் கூடத்துக்குத் தூக்கிவந்து தக்கையைப் பிடுங்கினார்கள். அந்துவான் அதன் வாயருகே விரலை வைத்துப் பார்த்தான். முகம் பார்க்கும் கண்ணாடியையும் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணே, மூச்சு இல்லே."

"தக்கையை எடுக்கறவரைக்கும் இருந்துச்சா?"

"வாய் அடைச்சிருந்துச்சே, எப்படித் தெரியும்?"

லூர்து நிதானமாகச் சொன்னான்: "எண்பது வருஷம் வாயை அடைச்சு வெச்சா யாருக்குத்தான் இருக்கும்?"

கூரை கிடக்கட்டும், பெரியப்பா அத்தனை வருஷம் காப்பாற்றியதைத் தன் கையில் சாகக் கொடுத்துவிட்டோமே என்று சவரிராயன் உட்கார்ந்துவிட்டான். எண்பது வயசு, கல்யாணச் சாவுதான் என்று அந்துவான் தேற்றினான். பாட்டிலுக்கு வெள்ளைத் துணி சுற்றி, மாலை போட்டு, வாசல் பெஞ்சில் கிடத்தி மெழுகுவத்தி ஏற்றினார்கள். அழுகைச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தாரும் வந்து கூடிவிட்டார்கள்.

கஜபதி வந்தார். கூட்டத்தைப் பார்த்துப் பதறிச் செருப்பைக் கழற்றினார். போனது யார் என்று கேட்டார். சவரிராயன் துணியை விலக்கி முகத்தைக் காட்டினான்.

கஜபதி, மற்ற இரண்டுமாவது ஒழுங்காக இருக்கிறதா என்று உரக்கக் கேட்டபடி அறைப் பக்கம் நடந்தார்.

சவரிராயன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மெதுவாப் பேசுங்க முதலாளி. கூடப் பொறந்தது போனது அதுங்களுக்கு இன்னும் தெரியாது."