மைனருக்கு வந்த போட்டி

ஓணாம்பட்டிக்கு அறிவே வரவில்லை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் பேசுவது அபாண்டம். வந்தது. ஒருநாள் மத்தியானம் வந்து தெருமுனையில் நின்றது. புது ஆளாக இருக்கிறதே என்று இவர்கள் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அன்றைக்கு எடுத்த ஓட்டம், இன்றுவரை அது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஊரில் மூன்று சகலைகள் இருந்தார்கள். மூத்தவர் செவத்தையா, அடுத்தவர் மொக்கைராசு, இளையவர் ஒச்சப்பன். அக்கா தங்கச்சி மூன்று பேரைக் கட்டிக்கொண்டு ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தார்கள். நாலாவது தங்கச்சியைக் கட்டிய திவாகருக்குக் கோயம்புத்தூரில் பெரிய உத்தியோகம். மாமனார் வீட்டு விருந்தில் நல்லி எலும்பு அவர் இலைக்குத்தான் போகும். இந்த மூன்று இலைக்கும் குழம்பு வரும். சில சமயம் அதுவும் வராது.

மாமனார் வீரணன், மலை எஸ்டேட் ஒன்றில் முப்பது வருஷம் வேட்டை நாய்களைப் பழக்கியவர். பழைய முதலாளி வீட்டிலிருந்து அவருக்குப் பாயிண்டர் என்ற வேட்டை நாய்ச் சாதியில் ஒரு குட்டி வந்தது. வெள்ளை உடம்பு, ஈரல் நிறத்தில் திட்டுத்திட்டாகப் புள்ளி, துவண்டு தொங்கும் காது. வளர்க்க ஆசைதான், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதனால் மூன்று மாப்பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மாப்ளைகளா, நல்லாக் கேட்டுக்கங்க. வேட்டையாடக் கூடாதுன்னு சட்டம் வந்திருச்சு, ஆனா இது ரத்தத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது. முட்டையை வாயில கவ்வினாலும் உடையாமக் கொண்டாந்து கையில தரப் பழக்கணும். வெடிச்சத்தத்துக்கு அசையக் கூடாது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. பங்குனியில மலையில நாய்க் கண்காட்சி. அங்க முதல் பரிசு வாங்கிட்டா குட்டி உங்களுக்கே. போட்டியில நின்னு முதல் பரிசு வாங்காததை என் கண்ணுல காட்டாதீங்க. நேரே கோயம்புத்தூர் பஸ்ஸுல ஏத்தி சின்ன மாப்ளைகிட்ட விட்டுருங்க."

கடைசியாகச் சொன்னது மூன்று பேர் நெஞ்சிலும் முள்ளாகத் தைத்தது. நல்லி எலும்பு போனது போகட்டும், குட்டியையும் அந்த ஆளுக்கா கொடுப்பது? அதற்குள் குட்டி ஒச்சப்பன் மடியில் ஏறிப் படுத்துக் கொட்டாவி விட்டுவிட்டது. இதை இனி யாருக்கும் விடுவதில்லை என்று அந்த நிமிஷமே முடிவாயிற்று.

குட்டியோடு ஒரு வம்சாவளிக் காகிதமும் வந்திருந்தது. செவத்தையா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு வியர்த்துப்போனார்.

"அஞ்சு தலைமுறைக்குப் பேரு இருக்குப்பா இதுல. ஒச்சப்பா, உன் பூட்டன் பேரு என்ன?"

"தெரியாதுண்ணே. எங்க தாத்தாவோட நின்னுபோச்சு."

"எனக்கு அதுவும் சந்தேகந்தான்" என்றார் மொக்கைராசு.

இத்தனை பெரிய குடும்பத்துப் பிள்ளையை வா, போ என்று கூப்பிடலாமா? அன்றிலிருந்து "மைனரு, வாங்க", "மைனரு, சாப்பிட்டீங்களா" என்றுதான் பேச்சு. நாமும் மரியாதையாகவே சொல்லிவிடுவோம், வம்பு எதற்கு.

மைனருக்கு முதல் பாடம் முட்டை. ஒரு கோழிமுட்டையைத் தரையில் வைத்தார்கள். மைனர் அதைக் கவ்வினார், உடைத்தார், நக்கினார், அடுத்த முட்டைக்காக உட்கார்ந்தார். நாலு முட்டை போனபிறகு செவத்தையா யோசித்தார்.

"வாயால சொன்னா இவருக்கு எப்படிப் புரியும்? நாம செஞ்சு காட்டணும்."

"யாரு செய்யிறது?"

"மைனருக்கு வயசு குறைவு. நம்மள்ல வயசு குறைஞ்சவன்தான் செய்யணும். அதுதானே முறை?"

ஒச்சப்பன் நாலு காலில் இறங்கினார். முட்டையை வாயால் எடுத்துக் களத்தைச் சுற்றி ஓடி, செவத்தையா கையில் கொடுத்தார். மைனர் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துப் பார்த்தார். மறுநாளும் இதுவே. ஒரு மாசத்தில் ஒச்சப்பன் வரப்பு தாண்டினாலும் முட்டையில் கீறல் விழாது. அவர் பெண்சாதி பேச்சியம்மா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டுனவன் புல்லு தின்னாத குறை" என்று அவள் சொன்னதைக் கேட்டு, அதையும் செய்யணுமா என்று ஒச்சப்பன் செவத்தையாவைக் கேட்டார்.

விலா எலும்புச் சோதனை வாரம் ஒருமுறை. கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதனால் மூன்று பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார்கள்.

"கைக்குத் தட்டுப்படுது."

"கண்ணுக்கு?"

"ஒண்ணுமே தெரியலைண்ணே."

"மாமா சொன்னது அப்படியே இருக்கு பாத்தியா!"

ஒருதரம் மொக்கைராசு ரொம்ப நேரம் தடவிவிட்டு, மைனர் நன்றாகத் தேறிவிட்டார் என்று சொன்னார். கண்ணைத் திறந்து பார்த்தால் அது ஒச்சப்பன்.

அடுத்தது வெடி. பிஞ்சுக் காது தாங்காதே என்று மைனர் காதில் பஞ்சு வைத்தார்கள். தங்கள் காது மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதிலும் வைத்தார்கள். திரியில் நெருப்பு வைத்துவிட்டு நூறடி தள்ளி நின்றார்கள். மைனர் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் செவத்தையா பஞ்சை எடுத்தார், மற்றவர்களும் எடுத்தார்கள்.

"வெடிச்சிருச்சா?"

"தெரியலைண்ணே. பஞ்சு வச்சிருந்தேன்."

"கிட்டப் போய்ப் பாத்துருவோம்."

மூன்று தலையும் வெடிக்கு மேலே குனிந்தபோதுதான் அது வெடித்தது. செவத்தையா வைக்கோற்போரில் கிடந்தார், மொக்கைராசு கிணற்று மேட்டில், ஒச்சப்பன் பழக்கதோஷத்தில் நாலு காலில் ஓடிப் பக்கத்துத் தெருவுக்கே போய்விட்டார். மைனர் மட்டும் காதில் பஞ்சோடு வாலை ஆட்டிக்கொண்டிருந்தார். பாஸ் என்று முடிவு செய்தார்கள்.

எல்லாம் சரி, ஒரே ஒரு கவலை. காட்டுப்பக்கம் கூட்டிக்கொண்டு போனால் மைனர் திடீரென்று கல்லாய்ச் சமைந்து நிற்பார். முன்னங்கால் ஒன்று மடங்கி அந்தரத்தில் நிற்கும், வால் விறைத்துவிடும், மூக்கு ஒரு புதரைப் பார்த்தே இருக்கும்.

"முள்ளுதான்" என்றார் செவத்தையா.

தூக்கிய காலை எடுத்துப் பார்த்தார்கள். முள் இல்லை.

"முள்ளு இன்னொரு கால்ல இருக்கும்ணே. இவரு அவசரத்துல காலை மாத்தித் தூக்கிட்டாரு."

நாலு காலையும் தேடிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல், மைனரைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் திரும்பிய உடனே அந்தப் புதரிலிருந்து ஒரு கௌதாரி படபடவென்று பறந்து போகும். அதை யார் கவனித்தார்கள்? முள்ளைப் பற்றிய கவலையிலேயே மூன்று பேரும் இளைத்துப்போனார்கள்.

பங்குனி வந்தது. மலைக்குப் போனார்கள். மைதானத்தில் எங்கே பார்த்தாலும் நாய்கள். சிலதுக்குத் தலைவாரிப் பூ வைக்காத குறை. நடுவராக வந்தவர் மெட்ராஸ்காரப் பெரியம்மா ஒருவர். தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு காலையிலிருந்து எண்பது நாய்களின் பல்லைப் பார்த்துக் களைத்திருந்தார். பாயிண்டர் குட்டிகளைக் கூப்பிட்டார்கள். மைனரோடு மூன்று சகலைகளும் கயிற்று வளையத்துக்குள் போனார்கள். வேறு யாரும் வரவில்லை.

நடுவரம்மா சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இந்தப் பிரிவுல இது ஒண்ணுதான் வந்திருக்கு. முதல் பரிசு இதுக்குத்தான். கூட்டிட்டுப் போங்க."

நீங்களோ நானோ என்றால் கும்பிட்டுவிட்டுக் கிளம்பியிருப்போம். செவத்தையா நகரவில்லை.

"அதெப்படிங்கம்மா? போட்டியில நின்னு முதல் பரிசு வாங்கணும்னு எங்க மாமா சொல்லியிருக்காரு. இங்க போட்டியே இல்லையே?"

"ரெண்டாவதுன்னு ஒண்ணு இருந்தாத்தானே இது முதலாவது?" என்று மொக்கைராசு கேட்டார்.

"ஆளில்லாத கோதாவுல நின்னவன் பயில்வானாம்மா?" என்று ஒச்சப்பனும் கேட்டார்.

நடுவரம்மா பத்து நிமிஷம் விளக்கினார். அவர்கள் பத்து நிமிஷமும் கவனமாகக் கேட்டுவிட்டு, திரும்ப முதலிலிருந்து கேட்டார்கள். கடைசியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"சரிப்பா, இன்னொண்ணு இருந்தாக் கொண்டாங்க. பாத்துத் தொலைக்கிறேன்!"

மூன்று பேரும் மூலையில் கூடிப் பேசினார்கள். முட்டை தூக்கப் பழகினது, வெடிச்சத்தம் கேட்டது, விலா பார்த்தது, எல்லாப் பாடமும் முடித்த இன்னொன்று அங்கேயே இருந்தது. செவத்தையா தன் துண்டை ஒச்சப்பன் கழுத்தில் கட்டினார். ஒச்சப்பன் நாலு காலில் இறங்கி வளையத்துக்குள் வந்தார்.

கூட்டம் விசிலடித்தது. நடுவரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். அவருக்கும் காலையிலிருந்து சிரிப்பே வந்திருக்கவில்லை. கிட்டே போய் ஒச்சப்பன் வாயைத் திறக்கச் சொன்னார்.

"வெத்தலைக் கறை. மத்தபடி பல்லு பரவாயில்லை. விலா நல்லாத் தட்டுப்படுது. எங்கே, ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க."

ஒச்சப்பன் ஓடினார் பாருங்கள்! தலை நிமிர்ந்து, முதுகு நேராக, ஒரே சீராக. மூன்று மாசப் பயிற்சி சும்மாவா? கூட்டம் கைதட்டியது. நடுவரம்மா "அடடே" என்று காகிதத்தில் ஏதோ குறித்தார். செவத்தையா ஓரமாக ஓடிவந்து கத்தினார்.

"ஒச்சப்பா, நல்லா ஓடாதடா! நொண்டுடா!"

"வரமாட்டேங்குதுண்ணே" என்று ஓடிக்கொண்டே ஒச்சப்பன் அழாத குறையாகச் சொன்னார். "உடம்பு பழகிப்போச்சு."

"பாவி, மைனரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிருவான் போலிருக்கே!" என்று மொக்கைராசு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது மைனர் முறை. செவத்தையா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தார். மைனரும் வைத்தார். ஐந்தாவது எட்டில் நின்றுவிட்டார். வளையத்துக்கு வெளியே, பந்தல் காலடியில் ஒரு புறா இறங்கியிருந்தது. மைனரின் முன்னங்கால் மடங்கி அந்தரத்தில் நின்றது. வால் விறைத்தது. மூக்கு புறாவைப் பார்த்தது. மூச்சு விடுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை.

"போச்சு, முள்ளு!" என்று அலறினார் செவத்தையா. "அம்மா, அம்மா, இதைக் கணக்குல எடுக்காதீங்க. முள்ளு குத்தலேன்னா இவரு நல்லாவே நடப்பாரு!"

நடுவரம்மாவுக்கு அவர் பேச்சு காதில் விழவில்லை. மைனரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பறவை இருக்கிற இடத்தைக் காட்டுற பாயிண்டர் நிலை! எத்தனை வருஷமாச்சு இப்படி ஒண்ணைப் பாத்து!" என்றார். நேரே மேசைக்குப் போய் வெள்ளிக் கோப்பையை எடுத்துவந்து மைனர் முன்னால் வைத்தார். ஒச்சப்பனுக்கு ஒரு நீல ரிப்பன் குத்தி, "ரெண்டாவது" என்றார்.

மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். மைனர் அவர்கள் முகத்தை மாறி மாறி நக்கினார். நொண்டிக் காலோடு ஜெயித்த பிள்ளை என்று அவரைத் தோளில் வைத்துப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆடிக்கொண்டே போனார்கள். மைனர் இனி ஓணாம்பட்டிக்காரர்தான், எந்தக் கோயம்புத்தூரானும் கை வைக்க முடியாது.

பஸ் ஸ்டாண்டில் மொக்கைராசு திடீரென்று நின்றார்.

"அண்ணே. மாமா இன்னொண்ணும் சொன்னாருல்ல?"

"என்ன?"

"போட்டியில நின்னு முதல் பரிசு வாங்காததைக் கண்ணுல காட்டாதீங்கன்னு."

இருவரும் மெல்லத் திரும்பி ஒச்சப்பனைப் பார்த்தார்கள். ஒச்சப்பன் சட்டையில் இருந்த நீல ரிப்பனைப் பார்த்தார்.

"நான் போட்டியில நின்னேன்" என்றார் மெதுவாக.

"நின்ன."

"முதல் பரிசு வாங்கலை."

"நொண்டச் சொன்னேன், அதையாவது கேட்டியா? இப்ப மானமும் போச்சு" என்று செவத்தையா மூக்கைச் சிந்தினார்.

"வேற வழியே இல்லையாண்ணே? பேச்சியம்மாகிட்ட என்ன சொல்றது?"

"மாமா பேச்சைத் தட்டினா நாளைக்கு மைனரையும் புடுங்கிக்குவாரு. நீயே யோசி."

ஒச்சப்பன் யோசித்தார். மைனர் தலையை ஒருமுறை தடவிக்கொடுத்தார், "நல்லா இருங்க மைனரு" என்றார். பிறகு துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தானாகவே கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறினார். செவத்தையா ஒரு கடிதம் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தார். ஜன்னலோரம் உட்கார வையுங்கள், அதுக்கு வாந்தி வரும் என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலை கோயம்புத்தூரில் திவாகர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பெரிய உத்தியோகம், படித்த மனுஷர். குடும்பத்திலேயே அவருக்குத்தான் மூளை என்று மாமனார் சொல்லுவார். கதவைத் திறந்து, வாசலில் கழுத்துத் துண்டோடு நின்ற சகலையை ஏற இறங்கப் பார்த்தார். கடிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாக வாசித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒச்சப்பனைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, விலாவை அமுக்கிப் பார்த்தார்.

"அதெல்லாம் சரி சகலை," என்றார், "தடுப்பூசி போட்டாச்சா?"