சுவரைப் பார்த்து நின்ற கார்

அன்று தாராபுரம் ரோட்டு அரிசி ஆலை வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: முதலாளி நாச்சிமுத்து, டிரைவர் மாரப்பன், பழைய காரை வாங்க வந்த இட்லிக்கடை அருக்காணி, மூட்டை தூக்கும் ஆட்கள் இருவர்.

காரில் ரிவர்ஸ் கியர் விழாது. ரிப்பேர் செய்வதா, அப்படியே விற்பதா என்று ஒரு வாரம் யோசித்த முதலாளி, விற்பது என்று முடிவு செய்திருந்தார். காலையிலேயே மாரப்பனைக் கூப்பிட்டு, "கியரைப் பத்தி ஒரு வார்த்தை பேசினா உனக்கு வேலை இல்லை. வண்டி விக்காட்டியும் வேலை இல்லை" என்று சொல்லிவிட்டார்.

மாரப்பன் காரைக் கழுவி, பிள்ளையார் கோயில் சுவரை ஒட்டி நிறுத்தினான். வாங்கி வந்த ஐந்து எலுமிச்சம்பழத்தில் ஒன்றை அறுத்துத் திருஷ்டி கழித்தான். மற்றவற்றைச் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தான்.

"முதலாளி கைராசிக்காரருங்க. பழத்து மேல நீங்களே ஏத்திக் குடுத்தா அக்காவுக்கு யாவாரம் பெருகுமுங்க" என்றான்.

முதலாளிக்கு அது பிடித்திருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் எதிரே சுவர் தெரிந்தது. நான்கு முறை கியரைப் போட்டார். நான்கு முறையும் கர்ரென்றது, கார் நகரவில்லை.

"ஏனுங்க, பின்னால போகாதுங்களா?" என்றாள் அருக்காணி. "ரிப்பேர் பண்ணிக் குடுங்க. பேசின விலைக்கே எடுத்துக்கறேன்."

முதலாளி மாரப்பனை முறைத்தார்.

"கியரைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசலைங்களே. வண்டியும் வித்துப்போச்சுங்க" என்றான் மாரப்பன்.

மூட்டைக்காரர்கள் இருவரும், "ஆமாங்க, பேசலைங்க" என்றார்கள்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகக் காரைப் பின்னால் தள்ளுவதற்கு முன், மாரப்பன் பழங்களைப் பொறுக்கி எடுத்து வைத்தான். மீதி நான்கு.