விழுதில் தொங்கிய மனுக்கள்

காட்டின் நடுவே பெரிய ஆலமரம் ஒன்று இருந்தது. அதன் அடியில் நெட்டைச்செவி என்ற முயல் உட்கார்ந்து, விலங்குகளின் மனு ஓலைகளைப் படித்துப் பதில் எழுதிக்கொண்டிருந்தது. சிங்கராஜா கொடுத்த குமாஸ்தா வேலை அது. ஆலம் விழுதுகளுக்கு உள்ளே யாரும் யாரையும் தொடக்கூடாது என்பது ராஜாவின் கட்டளை. விழுதைத் தாண்டிவிட்டால் அவரவர் காலே அவரவருக்குத் துணை.

முயலின் வளையோ பொட்டல்வெளிக்கு அந்தப் பக்கம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாலையானதும் ஒரே மூச்சில் பொட்டலைக் கடந்துவிடும். கோரைவால் என்ற நரி மூன்று முறை துரத்திப் பார்த்து ஏமாந்தது.

நான்காம் நாள் அதே நரி, தலையில் ஓலைக்கட்டோடு பணிவாக வந்து நின்றது.

"பழசையெல்லாம் மறந்துடுங்க குமாஸ்தா ஐயா! ஆமை, நத்தை, முள்ளம்பன்றி எல்லாம் இவ்வளவு தூரம் நடக்க முடியாம என்கிட்ட மனு கொடுத்தனுப்பியிருக்காங்க. நீங்க உட்காருங்க! கிழங்குகூட நானே கொண்டுவந்திருக்கேன்!"

முயலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காட்டிலேயே தன்னைப்போல் உழைப்பவர் யாருமில்லை என்று அதற்கு ஏற்கெனவே ஒரு நினைப்பு.

அன்றிலிருந்து தினமும் இருபது மனு வந்தது. தினமும் கிழங்கும் வந்தது. முயல் காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்தது.

"கொஞ்சம் காலாற நடந்துட்டு வாங்களேன்! தொப்பை தரையில இடிக்குது!" என்றது மனைவி பஞ்சி.

"வேலை தலைக்கு மேல கிடக்கு பஞ்சி! நடக்க எனக்கு ஏது நேரம்?" என்று எரிந்து விழுந்தது முயல்.

கழுத்து பிடித்துக்கொண்டது. முதுகு வளைந்தது. பொட்டலைக் கடக்கையில் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கியது. சில நாளில் அது இரண்டு முறையாயிற்று. நரி விழுதோரம் நின்று, "பத்திரமா போயிட்டு வாங்க ஐயா!" என்று அன்போடு வழியனுப்பும். முயல் போய்ச் சேரும்வரை கண்ணெடுக்காமல் பார்க்கும்.

ஒருநாள் ஆமையே நேரில் வந்தது.

"எருமைங்க என் முட்டையை மிதிச்சுடுதுங்க ஐயா! நீங்கதான் ஒரு வழி செய்யணும்!"

"இது உன்னோட பத்தாவது மனு! பக்கத்து வீட்டுத் தவளை கத்துதுன்னு போன வாரம்கூட எழுதியிருந்தியே?" என்றது முயல்.

"நானா? நான் மனுவே கொடுத்ததில்லையே! அந்தத் தவளை செத்து ஆறு மாசம் ஆச்சு ஐயா!"

முயல் பழைய ஓலைகளை அவசரமாகப் பிரித்தது. ஆமை, நத்தை, முள்ளம்பன்றி, யார் பெயரில் இருந்தாலும் கையெழுத்து ஒன்றுதான். விழுதோரம் நின்று நரி பார்க்கும் பார்வைக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. 'உட்கார வெச்சே என்னைச் சாப்பிடப் பார்க்கிறானே!'

ராஜாவிடம் சொல்லிப் பயனில்லை. பொட்டலில் அவர் கட்டளை செல்லாது. அன்று முதல் முயல், யானைகள் ஆற்றுக்குப் போகும் நேரம் பார்த்து, அவற்றின் காலோரமாகவே வீடு போய்ச் சேர்ந்தது. ஆனால் யானைகள் எத்தனை நாளைக்குத் துணை வரும்?

மறுநாள் முயல் புது ஏற்பாட்டை அறிவித்தது.

"இனிமே யாரும் மனுவை என் கையில கொடுக்க வேண்டாம்! விழுதுக்கு ஒண்ணா மாட்டிட்டுப் போங்க. நான் வந்து படிச்சுக்கிறேன்!"

"உங்களுக்கு எதுக்கு ஐயா சிரமம்?" என்று பதறியது நரி.

"இருக்கட்டும்!" என்றது முயல்.

மனுவுக்கு ஒரு நடை என்று முயல் மரத்தைச் சுற்றியது. முதல் நாள் ஐந்தாவது விழுதிலேயே படுத்துவிட்டது. ஒரு வாரத்தில் இருபதையும் சுற்றியது. படித்து முடித்த ஒவ்வொரு ஓலைக்கும் முதுகை நெளித்து, கழுத்தைத் திருப்பி, ஒரு துள்ளலும் துள்ளியது. நரி தந்த கிழங்கை ஆமைக்குக் கொடுத்துவிட்டுப் புல்லைத் தின்றது.

'வேலை போதவில்லை போலும்!' என்று நினைத்த நரி, நாற்பது மனு கொண்டுவந்தது. பிறகு அறுபது. பிறகு நூறு. முயல் நூறுக்கும் ஓடியது.

இரண்டு மாதம் கழித்து யானைகள் வேறு காட்டுக்குப் போய்விட்டன.

"இன்னைக்குத் தனியாவா கிளம்புறீங்க?" என்று கேட்டு நரி உதட்டை நக்கியது.

முயலுக்குப் பயமாகத்தான் இருந்தது. கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, விழுதைத் தாண்டிப் பாய்ந்தது. நரியும் பாய்ந்தது. முயல் எங்கும் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. ஒரே மூச்சில் வளை வாசலுக்கு வந்த பிறகுதான் திரும்பியது.

நரி பொட்டலின் பாதிகூட வரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாக்கு தொங்க, மாலை வெயிலில் சரிந்து கிடந்தது.

"என்ன ஆச்சு நரியாரே?" என்று முயல் கேட்டது.

"ஒரு நாளைக்கு நூறு மனு எழுதினா யாருக்குத்தான் இடுப்பு நிமிரும்?" என்று முனகியது நரி.

உட்கார்ந்து செய்யும் வேலை எவ்வளவு இருந்தாலும், அவ்வப்போது எழுந்து உடம்பை அசைக்காதவருக்கு அவசர வேளையில் அந்த உடம்பு உதவாது.