வரியன் புதைத்த கிழங்குகள்

மலைக்காட்டில் ஒரு பாறைப் பொந்து. அதில் வரியன் என்ற முள்ளம்பன்றி தன் மனைவி சாம்பியோடும் மகள் மின்னியோடும் வாழ்ந்து வந்தது.

வரியனுக்கு மனதில் ஒரு பயம் இருந்தது. அதன் அப்பா தள்ளாத வயதிலும் இரை தேடி அலைந்தது. ஒரு நாள் ஓட முடியாமல் சிறுத்தையிடம் சிக்கிச் செத்துப்போனது. தனக்கு அந்தக் கதி வரக்கூடாது, காலில் பலம் இருக்கும்போதே அலைச்சலை நிறுத்திவிட வேண்டும் என்று வரியன் முடிவு செய்தது.

அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தது. வள்ளிக்கிழங்கைத் தின்றால் அன்றோடு தீர்ந்தது. அதையே மண்ணில் புதைத்தால், மழைக்குக் கொடி ஓடி, ஒன்று பலவாகப் பெருகும். பெருகியதையும் புதைத்தால் சில மழைக்காலங்களில் சரிவு முழுக்கக் கிழங்குதான். அப்புறம் பொந்து வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. சாம்பியும் ஒத்துக்கொண்டது. கிடைத்த கிழங்கையெல்லாம் புதைத்துவிட்டு, மூன்றும் மரப்பட்டையைக் கடித்துப் பசியாறின.

வரியன் இருட்டத் தொடங்கியதும் தூரத்து மலைக்குக் கிழங்கு தேடிக் கிளம்பிவிடும். விடியும்போது களைத்து வந்து படுத்துவிடும். ஓடையில் நீர் வந்திருக்கிறது, அழைத்துப் போங்கள் என்று மின்னி வந்து கேட்கும்.

"இந்த ஒரு மழை போகட்டும்மா. அப்புறம் அப்பா உன்னோடதான் இருப்பேன்" என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லும் வரியன்.

அந்த மழை போனது. அடுத்த மழையும் போனது. போதுமே என்று சாம்பி சொல்லிப் பார்த்தது. கிழக்குச் சரிவு மட்டும் பாக்கி, அதையும் நிரப்பிவிட்டால் கவலையில்லை என்றது வரியன்.

கிழக்குச் சரிவும் நிரம்பியது. அதற்குள் மின்னி வளர்ந்து, தனக்கொரு துணையைத் தேடிக்கொண்டு ஓடைக்கு அக்கரையில் குடியேறிவிட்டது.

ஆனாலும் வரியன் நினைத்ததைச் சாதித்துவிட்டது. அந்த வயதில் காட்டில் வேறு எந்த முள்ளம்பன்றியும் ஓய்ந்து உட்கார்ந்ததில்லை. அலைச்சலை நிறுத்திய முதல் நாள் வரியன் வயிறாரச் சாப்பிட்டது. இரண்டாம் நாளும் சாப்பிட்டது. மூன்றாம் நாள், பொழுது சாயும் நேரத்தில் சாம்பி வெளியே கிளம்புவதைப் பார்த்தது.

"எல்லாம்தான் இங்கேயே இருக்கே, எங்கே போறே?"

"சாப்பாடு இங்கே இருக்குங்க. பேசறதுக்கு நான் மின்னிகிட்டதான் போகணும்" என்றது சாம்பி.

வரியனுக்குச் சுருக்கென்றது. மறுநாளே மின்னியை வரச் சொல்லிச் சாம்பியை அனுப்பியது. மின்னியும் வந்தது. வரியன் இருப்பதிலேயே பெரிய கிழங்கைத் தோண்டி வைத்தது. மின்னி விருந்தாளியைப் போல ஓரத்தில் உட்கார்ந்து, கொஞ்சமாகக் கடித்தது.

மகளிடம் என்ன பேசுவது என்று வரியனுக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்து, நரி வந்தால் எப்படி முள்ளைச் சிலிர்த்து நிற்க வேண்டும், எப்படிப் பின்பக்கமாகப் பாய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தது. தானே செய்தும் காட்டியது. மின்னி குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. கடைசியில், "சரிப்பா, அப்படியே செய்யறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது.

வரியனுக்கு மனம் நிறைந்துவிட்டது. "பார்த்தியா, எவ்வளவு கவனமாக் கேட்டுச்சு!" என்றது சாம்பியிடம்.

சாம்பி மெல்லச் சொன்னது: "போன கோடையில அது ரெண்டு நரியை விரட்டியிருக்குங்க. இந்தப் பக்கத்துக் குட்டிகளுக்கெல்லாம் அதுதான் இப்போ சொல்லிக் கொடுக்குது."

"அப்புறம் ஏன் நான் சொன்னதைக் கேட்டுச்சு?"

"நீங்க ஆசையாச் சொன்னீங்க. அதான்."

வரியன் ஓடைப் பக்கமே பார்த்தபடி வெகுநேரம் நின்றது. மின்னி அக்கரை ஏறிப் போய்விட்டிருந்தது. எத்தனை மழைக்காலம் காத்திருந்தாலும் அது மறுபடி குட்டியாகப் போவதில்லை.

பின்னாளுக்குச் சேர்த்து வைப்பது நல்லதே. ஆனால் பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நாளை மட்டும் யாராலும் சேர்த்து வைக்க முடியாது.